மலைப்பாதையில் டிராக்டரும் ஸ்டியரிங் ஆட்டமும்

(பண்ணைக்காட்டில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியனுக்கு ஸ்டியரிங்கில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காப்பிக்கு நிழல், மிளகுக்குக் கொடிக்கால், வாழைக்கு உரம் என்று எத்தனை சொன்னாலும், உரத்தை மேலே ஏற்றுவதும் தாரைக் கீழே இறக்குவதும் இயந்திரம்தான். அந்த இயந்திரம் நம் கைக்கு அடங்கி ஓடினால்தான் மற்றதெல்லாம் பயன் தரும்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர் பக்கங்களில் தோட்டப் பாதைகள் குறுகலானவை. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். சமவெளியில் ஸ்டியரிங் ஆடினால் டிராக்டர் வரப்பில் ஏறும், அவ்வளவே. இங்கே அதே ஆட்டம் உயிருக்கு ஆபத்து. ஆகவே தேய்ந்த ஸ்டியரிங் பாகங்களைக் கண்டுபிடிப்பது எப்படி, மாற்றுவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

சிறிய ஆட்டம், பெரிய விலகல்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்தைத் திருப்பும் கையின் நீளம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை இழுக்கும் கம்பியின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்து 3 மி.மீ. ஆடுகிறது. 120 மி.மீ.க்கு 3 மி.மீ. என்றால் நாற்பதில் ஒரு பங்கு. சக்கரம் அந்த அளவு கோணி நின்றால், திருத்தாமல் 10 மீட்டர் ஓடும்போது குறைந்தது 25 செ.மீ. விலகும். டிராக்டரின் இரு பக்கமும் ஓர் அடி இடம்கூட இல்லாத பாதையில் 25 செ.மீ. என்பது பாதையின் விளிம்பு.

அடிக்கடி ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்டுவதால் ஓட்டுபவரின் தோளும் கையும் களைக்கும். முன் டயர் ஒரு பக்கமாகத் தேயும். பார்களுக்கு இடையே களை எடுக்கும்போது கலப்பை பயிரின் வேரைத் தொடும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், இணைப்பு ஆணிகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 30 டிகிரி என்பது கடிகார முகத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி. 40 செ.மீ. குறுக்களவுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் இது ஏறத்தாழ 10 செ.மீ. வரும். இது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லை. மலைப்பாதையில் ஓட்டுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. உங்கள் டிராக்டரின் கையேட்டில் உள்ள அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதைப் பின்பற்றுங்கள்.

பாகங்கள் எவை?

நாம் திருப்பும் சக்கரத்தின் அடியில் ஸ்டியரிங் பாக்ஸ் உள்ளது. அதிலிருந்து டிராப் ஆர்ம் என்னும் கை வெளியே வருகிறது. அந்தக் கை டிராக் லிங்க் என்னும் கம்பியைத் தள்ளி இழுக்கிறது. இரு முன் சக்கரங்களையும் இணைப்பது டை ராடு. இந்தக் கம்பிகளின் முனைகளில் இருப்பவையே பால் ஜாயிண்டுகள். ஒவ்வொரு முன் சக்கரமும் ஒரு கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. அந்தப் பின் புஷ் என்னும் குழாய்க்குள் அமர்ந்திருக்கிறது. முன் அச்சு முழுவதும் நடுவில் சென்டர் பின்னில் ஊஞ்சல் போல் ஆடுகிறது. சில டிராக்டர்களில் பாகங்களின் அமைப்பு சற்று மாறலாம். சக்தி ஸ்டியரிங் உள்ளவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர் இருக்கும். ஆனால் ஜாயிண்டும் புஷ்ஷும் எல்லாவற்றுக்கும் பொது.

மேலை நாடுகளில் வீட்டுப் புல்வெளியை வெட்ட ஏறி ஓட்டும் சிறு இயந்திரங்கள் உண்டு. அவற்றிலும் இதே ஜாயிண்டும் புஷ்ஷும்தான் தேய்கின்றன. அங்கே பலர் தாங்களே வீட்டில் மாற்றிக்கொள்கிறார்கள். நம்மால் முடியாததல்ல. எதை நாம் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும் என்ற தெளிவு மட்டும் வேண்டும்.

ஆட்டம் எங்கே என்று காண்பது

முதலில் டயரைப் பாருங்கள். இரு முன் டயர்களிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும். இதை ஸ்டியரிங் கோளாறு என்று எண்ணிப் பாகத்தை மாற்றுவது வீண் செலவு.

அடுத்து, டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, நிறுத்தப் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை விரலால் மெல்ல இடப்புறமும் வலப்புறமும் திருப்புங்கள். டயர் அசையத் தொடங்கும் இரு இடங்களிலும் சாக்பீஸால் குறியிட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். சக்தி ஸ்டியரிங் உள்ள டிராக்டரில் மட்டும் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில் இதைச் செய்ய வேண்டும்.

இனி இரண்டு பேர் தேவை. ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். அசைவு ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகாமல் எங்கே தங்குகிறதோ அங்கேதான் தேய்வு. விரலை ஜாயிண்டின் மேல் மட்டும் வையுங்கள். கம்பிக்கும் அச்சுக்கும் இடையே நுழைக்காதீர்கள்.

பிறகு முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டோ மரக்கட்டையோ அடியில் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. அச்சு ஊஞ்சலாடாதபடி இரு பக்கமும் ஆப்பு வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் சக்கரத்தின் பேரிங்கில் குறை. சக்கரத்தோடு அதைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலும் ஆடினால் கிங் பின் புஷ் தேய்ந்துள்ளது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு முனைகளைப் பாருங்கள். முன் அச்சே முன்னும் பின்னும் நகர்ந்தால் சென்டர் பின் புஷ்ஷைக் கவனிக்க வேண்டும்.

பால் ஜாயிண்டை மாற்றும் முறை

இதைக் கருவிகள் உள்ள உழவர் தாமே செய்யலாம்.

1. மண்ணையும் பழைய கிரீஸையும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள்.

2. கழற்றும் முன் டை ராடின் நீளத்தை, ஒரு ஜாயிண்டின் நடுவிலிருந்து மறு ஜாயிண்டின் நடு வரை, அளந்து எழுதி வையுங்கள்.

3. ஜாயிண்ட் கையில் பொருந்தியிருக்கும்போதே கம்பியில் உள்ள லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஒரு முனையில் இடது மரை இருக்கலாம். எதிர்த் திசையில் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

4. ஸ்பிளிட் பின்னை எடுத்து, காசில் நட்டைத் தளர்த்தி, சில மரைகளில் மட்டும் விட்டு வையுங்கள். ஜாயிண்ட் புல்லர் இருந்தால் அதனால் விடுவிக்கலாம். இல்லையென்றால், கையின் கண் பகுதியின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப் பக்கம் மற்றொரு சுத்தியலால் தட்டினால் விடும். மரையின் தலையில் அடிக்கக் கூடாது. காஸ் வைத்துச் சூடேற்றவும் கூடாது.

5. பழைய ஜாயிண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். புதியதை அதே அளவு சுற்றுகள் உள்ளே விடுங்கள்.

6. சரிவான தண்டும் கையின் துளையும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. நட்டைக் கையேட்டில் சொன்ன அளவு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் சற்று மேலும் இறுக்கி நேராக்குங்கள். ஒருபோதும் பின்னுக்குத் தளர்த்தாதீர்கள்.

7. புதிய ஸ்பிளிட் பின்னே போடுங்கள். ஆணியும் கட்டுக்கம்பியும் அதற்கு ஈடாகா. நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் நட்டையும் புதிதாகப் போடுங்கள்.

8. ஜாயிண்ட் ஒரு பக்கம் கோணாமல் நடுவில் நிற்கும்படி வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரத்தை இரு கோடி வரையும் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள்.

சக்கரங்களின் நேர்மை

ஜாயிண்ட் மாற்றியபின் டோ-இன் அளவு பார்க்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் சில மி.மீ. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருப்பதே இது. சக்கரங்களை நேராக வைத்து, இரு டயர்களின் நடுவிலும், சக்கர மையத்தின் உயரத்தில், முன்பக்கம் குறியிட்டு இடையளவு எடுங்கள். பிறகு கட்டைகளை எடுத்துப் பிரேக்கை விட்டு, சமதளத்தில் டிராக்டரை அரைச் சுற்று முன்னே தள்ளுங்கள். அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளவு எடுங்கள். முன் அளவு பின் அளவைவிடக் கையேட்டில் சொன்ன அளவு குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டை ராடைச் சுற்றிச் சரிசெய்து லாக் நட்டை மீண்டும் இறுக்குங்கள்.

பட்டறைக்கு விட வேண்டியவை

கிங் பின் புஷ்ஷை அழுத்தி ஏற்றவும், உள் அளவைச் சரியாகக் குடையவும் தக்க கருவிகள் வேண்டும். இதைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். தேய்ந்த பின்னில் புதிய புஷ் போட்டால் அது விரைவில் தேய்ந்துவிடும். பின்னையும் புஷ்ஷையும் சேர்த்து, இரு பக்கமும் மாற்றுவது நலம்.

ஸ்டியரிங் பாக்ஸைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஜாயிண்ட் ஆட்டத்தை மறைக்கப் பாக்ஸின் திருகை இறுக்குவோர் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டியரிங் கனத்து, வளைவில் திரும்பியபின் நேர் நிலைக்குத் திரும்பாது. பற்களும் கெடும். பாக்ஸில் எண்ணெய் அளவு சரியா, அதைத் தாங்கும் போல்ட்டுகள் இறுக்கமா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஜாயிண்டையோ டிராப் ஆர்மையோ வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள். வெல்டிங் சூட்டில் இரும்பின் பதம் மாறும். வெளியே ஒட்டியது போலத் தெரியும். சுமையோடு வளைவில் இறங்கும்போது ஒரே நொடியில் முறியும். ஜாயிண்டுக்குள் டயர் டியூப் துண்டைத் திணிப்பதும், உடைந்த வண்டியிலிருந்து எடுத்த பழைய ஜாயிண்டைப் போடுவதும் அப்படித்தான்.

தேய்வு இல்லாமலும் ஸ்டியரிங் தவறும்

எல்லாப் பாகமும் புதிதாக இருந்தும் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் கேட்கவில்லை என்றால், முன் சக்கரம் தரையில் அழுந்தவில்லை என்று பொருள். டிராக்டரின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. டிரெய்லரில் பாரத்தைப் பின்பக்கமோ முன்பக்கமோ குவிக்காமல் பரப்பி ஏற்றுங்கள். இணைப்பைத் தாழ்வான கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வாருங்கள். பாதையில் இரு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள்.

பவர் டில்லர் வைத்திருப்போருக்கும் ஓர் எச்சரிக்கை. சமதளத்தில் வலப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் டில்லர் வலப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால், விடுபட்ட சக்கரம் வேகமாக உருண்டு, டில்லர் இடப்பக்கம் திரும்பிவிடும். இதை அறியாத புதிய ஆளிடம் இறக்கத்தில் டில்லரைக் கொடுக்காதீர்கள். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், மெதுவாகக் கைப்பிடியைத் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பு.

எப்போது பார்ப்பது?

நம் மலையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து காப்பி பறிப்பும் வருகிறது. பாதை வழுக்கும் காலமும் சுமை ஏறும் காலமும் ஒன்றாக வருகின்றன. எனவே செப்டம்பர் மாதத்திலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். மழை முடிந்து ஜனவரியில் மறுபடி ஒரு முறை பாருங்கள். கிழிந்த ரப்பர் மூடி வழியாகச் சேற்று நீர் புகுந்தால், அதிலுள்ள மணல் ஜாயிண்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூடி கிழிந்தால் உடனே மாற்றுங்கள். சேற்றில் வேலை செய்த நாளின் மாலையில் கிரீஸ் அடியுங்கள். கிங் பின்னுக்கு அடிக்கும்போது முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து அடித்தால்தான், பாரம் தாங்கும் முகம் வரை கிரீஸ் போய்ச் சேரும்.

பாகம் மாற்றியதும் நேராக மலைப்பாதையில் ஏறாதீர்கள். சமதளத்தில் முதல் கியரில் பத்து நிமிடம் ஓட்டி, எல்லா நட்டுகளையும் பாருங்கள். 10 மணி நேர வேலைக்குப் பிறகு மீண்டும் ஒரு முறை பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் டிராக்டராக இருந்தாலும், ஏறும் முன் சாக்பீஸ் சோதனையைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆட்டம் அதிகமென்றால் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெருமக்களே! ஒரு ஜாயிண்டும் ஒரு ஸ்பிளிட் பின்னும் பெரிய செலவல்ல. அதை வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறுவதில் ஒரு நாள் போகலாம். போகட்டும். அந்த ஒரு நாள் டிராக்டர் கொட்டகையில் நிற்கட்டும். அதை ஓட்டிச் செல்வது உங்கள் மகனாகவோ, உங்களை நம்பி வேலைக்கு வந்த இளைஞனாகவோ இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.