அணை நின்றது, குடியிருப்பு விழுந்தது
(கம்பத்தில் ஆலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



2011ஆம் வருஷத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூலை 26ஆம் தேதி இடுக்கி ஜில்லாவில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 3.8, பெரிய பூகம்பம் அல்ல. ஆனால் அதன் பின்னே பீதி வளர்ந்தது, தகராறு வளர்ந்தது. டிசம்பரில் குமுளிப் பாதை அடைபட்டது. இருட்டோடு ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்கள் வேலையும் கூலியும் இழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு சுவர்கூட இடியாமலே நம் அடுப்பு அணைந்தது.

அன்று இரண்டு ராஜ்யங்களிலும் ஒரே பேச்சு: முல்லைப் பெரியாறு அணை தாங்குமா? கமிட்டி போட்டார்கள், ஆராய்ந்தார்கள். 2014 மே 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், அணை பத்திரமானதே என்று சொல்லி, 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதித்தது. சரி. நம் வீடு தாங்குமா? அதற்கு எந்தக் கமிட்டி போட்டார்கள்?

மராட்டியத்தில் கொய்னா அணை இருக்கிறது. 1967 டிசம்பர் 11ஆம் தேதி, பொழுது விடியுமுன் அங்கே பூகம்பம் வந்தது. அணையில் விரிசல் கண்டது. ஆனாலும் அணை நின்றது. பக்கத்திலே கொய்னா நகர் குடியிருப்பில் வீடுகள் பெரும்பாலும் விழுந்தன. சுமார் 180 பேர் மாண்டார்கள். அணையை வலுப்படுத்தக் காசு கிடைத்தது. செத்தவன் எழுந்து வரவில்லை.

அதே மராட்டியத்தில் லாத்தூர். 1993 செப்டம்பர் 30, விடிகாலை நாலு மணிக்குச் சற்று முன்பு. கில்லாரி சுற்றுவட்டாரத்தில் கிராமம் கிராமமாக மண்மேடாயிற்று. செத்தவர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்று கணக்குகள் சொல்கின்றன. அங்கே சுவர் ஒல்லியாக இருந்ததா? இல்லை. முழங்கைக்கு மேல் கனம்! உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒரு கல்வரிசை, நடுவே துண்டுக் கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் கிடையாது. மேலே வெயிலுக்காகக் கொட்டிய மண் பாரம். நிலம் குலுங்கியதும் வெளிக்கல் வெளியே சரிந்தது, கூரை மண் தூங்கியவர்கள் மேல் இறங்கியது. ஏழை கட்டிய வீடு, தோழர்களே. நம் தெருக்களில் மண்சாந்தில் எழுப்பிய கல் சுவர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

கதவு நிலைக்கு மேலே வீட்டைச் சுற்றி, இடையில் அறாமல், கம்பி வைத்த ஒரு கான்கிரீட் பட்டை. மூலைக்கு மூலை கல்லோடு கல் பின்னிய கட்டு. இவ்வளவுதான் பெரிய வித்தை. நாம் இன்ஜினியர் படிப்புப் படித்தவரில்லை. ஆனால் இதைக் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சர்க்கார் தொகுப்பு வீட்டுக்குப் பணம் தரும்போது இந்தப் பட்டைக்கும் சேர்த்துத் தரட்டும். தோட்ட லயங்களுக்கு முதலாளிகள் செய்யட்டும்.

மீட்புப் படை வரும் என்கிறீர்களா? தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. ஒரு ராத்திரிப் பயணம். இடிபாட்டுக்குள் கிடப்பவனுக்கு முதல் சில மணி நேரந்தான் கணக்கு. அந்த நேரத்தில் கடப்பாரை தூக்குவது அடுத்த வீட்டுக்காரன்தான். லாத்தூரில் அப்படித்தான் நடந்தது. 2001 ஜனவரி 26ஆம் தேதி குஜராத்தின் புஜ் நகரிலும் அப்படித்தான். அங்கே ஜில்லா ஆஸ்பத்திரியே இடிந்துவிட்டது, காயம்பட்டவர்களுக்கு வெட்டவெளியில் வைத்தியம் நடந்தது. நம் ஆஸ்பத்திரிக் கட்டிடங்களையும் பள்ளிக்கூடங்களையும் பரிசோதித்துச் சொல்லும்படி கேட்போம். ஆலைகளில் ராத்திரி ஷிப்டில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதையும் ஆலைத் தோழர்கள் பார்த்து எழுதிக் கொண்டுவர வேண்டும். பூட்டிய கதவுக்கு முதலாளி சொல்லும் காரணம் நமக்குத் தெரிந்ததுதான்.

கூடலூரிலிருந்து ஆரம்பிக்கலாம். வருகிற ஞாயிறு காலை கொத்தனார் தோழர்கள் தூக்குக்குண்டோடு வரட்டும். பிளந்த சுவர், சாய்ந்த மூலை, நடக்கமாட்டாத கிழவி தனியே படுக்கிற வீடு, எல்லாம் தெருவாரியாக நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டோடுதான் தேனிக்குக் கலெக்டரைப் பார்க்கப் போகிறோம்.