போனில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி?



2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் பாடத்துக்குப் பஞ்சமில்லை. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. புத்தகத்தில் இருந்த க்யூஆர் கோடு வழியாகவும் காணொளி பார்க்கலாம். ஆனாலும் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், தமிழ்நாடும் சேர்த்து, ஏழைக் குடும்பங்களிடம் 2021 ஆகஸ்டில் விசாரித்தபோது, கிராமத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான் ஆன்லைனில் தொடர்ந்து படித்திருந்தார்கள்.

நைனார்பாளையம் பக்கம் காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பாவோடு மக்காச்சோளக் காட்டுக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் யாருக்கு வைப்பது? கல்வராயன் மலைக்கு ஏறினால் சிக்னலையும் தேட வேண்டும். அதனால் பத்து நிமிடப் பாடத்தைப் பதிவு செய்து, போன் வீடு திரும்பும் மாலையில் அனுப்புவதே இங்கே பொருந்தும்.

அனுப்பினால் மட்டும் போதாது. 42இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்கிறோம். பிள்ளை 35 என்று எழுதி, நோட்டைப் படம் பிடித்து அனுப்புகிறது. தப்பு என்று சிவப்புக் குறி போட்டுவிடலாம். அதைவிட, கூப்பிட்டு, "எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்று சொல்லும். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. பக்கத்திலிருந்து பத்து கடன் வாங்கத் தெரியவில்லை. இனி அதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். எத்தனை அழகான காணொளியாலும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் இந்த நேரடிக் கவனிப்பைத்தான் தெருவுக்குத் தெரு கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறே மாதத்தில் மீண்டதாகச் சொல்கிறது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலைநேரத் தன்னார்வலர்களால் வந்தது.

வீட்டுப்பாடம் இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. பெற்றோர்களே, மாலையில் அரை மணி நேரம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆசிரியர்களே, பதில் அனுப்பாத பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள்.