விரட்டினால் வளருமா நாடு?

1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்றார். பல்லாயிரம் பேர் கடையையும் ஆலையையும் விட்டுக் கிளம்பினார்கள். கடைகள் ராணுவத்தினர் கைக்கும் வேண்டியவர்கள் கைக்கும் போயின. இருந்த சரக்கு விற்றுத் தீர்ந்ததும் மறுபடி கொள்முதல் செய்யத் தெரிந்தவர்கள் இல்லை. கரும்பு விளையும் நாட்டில் சர்க்கரைக்கே தட்டுப்பாடு வந்தது.

வணிகம் பெருமளவு ஒரு சிறுபான்மையினர் கையில் இருந்ததே, மக்களின் மனக்குறை நியாயம்தானே என்று கேட்கலாம். குறை உண்மைதான். அதற்கு மருந்து, மண்ணின் மக்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்துத் தொழிலில் இறக்குவது, இருப்பவரை விரட்டுவதல்ல. பின்னாளில் உகாண்டா அரசே விரட்டப்பட்டவர்களைத் திரும்ப அழைத்துச் சொத்துகளை ஒப்படைத்தது. சகிப்புத்தன்மை மட்டுமே ஒரு நாட்டைச் செல்வந்த நாடாக்கிவிடாது. ஆனால் அது இல்லாத நாட்டில் தொழிலும் முதலீடும் நிலைக்காது.