சவுக்கைக் கண்மதிப்பில் விற்கலாமா?

வல்லம், செஞ்சிப் பக்கம் மலையடிவாரத்தில் குடியிருக்கிற நமக்கு அந்தக் காலத்தில் விறகு, கூரைக்கழி எல்லாம் மலையிலிருந்துதான் வந்தது. இன்றைக்குப் பக்கமலைக் காப்புக்காட்டில் கத்தி வைத்தால் வழக்குதான். அதனால் நம்ம கொல்லையிலேயே சவுக்கு வைத்திருக்கிறோம். களிமண்ணில் தண்ணீர் நின்றால் சவுக்கு தாங்காது, முதல் வருஷம் ஊடே மல்லாட்டை, தர்பூசணி போடலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது விற்பனையைப் பற்றி.

என் சித்தப்பா, மகள் கல்யாணத்துக்காக ஒரு ஏக்கர் தோப்பை மொத்தமாகப் பேசிக் கொடுத்தார். வந்த வியாபாரி அவரை நடுத்தோப்புக்குக் கூட்டிப்போய் ஒல்லி மரங்களாகக் காட்டினார். வரப்போரத்தில் வெயில் பட்டு பருத்து நின்ற மரங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலாவது லாரி கிளம்பும்போதுதான் சித்தப்பா கணக்குப் போட்டார். அதற்குள் கை மீறிவிட்டது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. முதலில் உயிரோடு நிற்கிற மரங்களை எண்ணுங்கள். ஏக்கருக்கு 4,000 கன்று நட்டோம் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டுப்போனது எத்தனையோ இருக்கும். பிறகு பருமன், நடுத்தரம், ஒல்லி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து மரம் வெட்டி எடை போடுங்கள். வரப்போரத்திலும் எடுக்கணும், உள்ளேயும் எடுக்கணும். உதாரணத்துக்கு, 20 கிலோ மரம் 500, 12 கிலோ மரம் 1,500, 5 கிலோ மரம் 1,000 என்றால் மொத்தம் 33 டன். இந்தக் கணக்கு கையில் இருந்தால் யார் வந்தாலும் தைரியமாகப் பேசலாம்.

டன் கணக்கில் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை மரம் நாளுக்கு நாள் எடை குறையும். வெட்டிப் போட்டுவிட்டு லாரி வரும், வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான். வெட்டின அன்றைக்கே எடைமேடைக்குப் போகணும். காலி வண்டியின் எடையையும் கூடவே நின்று பாருங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி யாருடையது, மிலாறும் வேர்க்கட்டையும் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். பல பேர் மிலாறை விட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் அடுப்புக்கு விறகை விலைக்கு வாங்குகிறார்கள்! வீட்டுக்கு வேண்டிய பந்தல்கால், ஏணிக்கழியையும் முதலிலேயே அடையாளம் வைத்து ஒதுக்கிவிடுங்கள்.

முற்றின தோப்பு என்றால் இந்த எண்ணிக்கையை ஐப்பசி மழைக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறினபோது நம்ம விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு மறந்திருக்காது. மரம் சாய்ந்து, லாரி வரும் பாதையும் சேறாகிவிட்டால், வியாபாரி சொன்னதுதான் விலை.