நோவு பிள்ளைக்கு, வாய் பெரியவர்களுக்கா?
(கச்சிராயபாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் பல விஷயங்களையும் சொல்லிவிட்டபடியால், நான் ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன். 14 வயதுப் பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துப் போகிறோம். "உனக்கு என்ன செய்கிறது?" என்று அவர் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் சொல்லுகிறவர் யார்? அப்பன் சொல்லுகிறான், அவன் நிறுத்தினால் ஆத்தாள் சொல்லுகிறாள், பெண்பிள்ளையாய் இருந்துவிட்டாலோ துணைக்கு வந்த அத்தையும் சேர்ந்துகொள்கிறாள். கேட்டால், "சின்னதுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். தெரியுமா தெரியாதா என்று யாராவது அளந்து பார்த்ததுண்டா என்று கேட்கின்றேன்.

சிறுவயதில் வரும் முதல் வகை நீரிழிவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னெல்லாம் அது கண்ட பிள்ளை ஓரிரண்டு வருஷத்தில் செத்துப்போகும். தலைவிதி என்று அழுவார்கள். 1922-ம் வருஷம் ஜனவரியில், கனடா தேசத்து டொரான்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தலைவிதி என்ன ஆயிற்று? இன்று அப்பிள்ளைகள் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள், சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள். ஊசியோ தினமும் வேண்டும். ஆத்தாள் கூடவே போவாளா?

இதற்காகவே அமெரிக்க வைத்தியர்கள் சிலர் 2011-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். பிறகு அதை 20 கேள்விகளாகச் சுருக்கினார்கள். மருந்தைத் தானே சரியாக உட்கொள்கிறாயா, வைத்தியரைப் பார்க்கும் நாளை நீயே குறித்துக்கொள்கிறாயா, அவரிடம் உன் உபாதையைச் சொல்கிறாயா என்பன போன்றவை. இதில் எனக்குப் பிடித்தது பதில்கள்தான். ஆம், இல்லை என்று இரண்டோடு விடவில்லை. ஐந்து படி வைத்திருக்கிறார்கள். எப்படியென்று தெரியாது, தெரியாது, ஆனால் கற்க ஆசை, கற்றுவருகிறேன், செய்யத் தொடங்கிவிட்டேன், வேண்டும்போதெல்லாம் செய்கிறேன். தெரியாதவன் மூடன் அல்ல, இன்னும் கற்றுக்கொடுக்கப்படாதவன் என்பது இதிலேயே விளங்கவில்லையா?

ஆனால் அந்தத் தாளை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, இங்கே வந்து, கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறவேண்டிய பிள்ளைக்குக் கேள்வி வேறு. மருந்து தீர எத்தனை நாள் இருக்கும்போது புறப்படுவாய்? காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது? மேலும், வாயால் "ஆம்" என்பது சுலபம். "ஊசியில் மருந்தை ஏற்றிக் காட்டு" என்று கேட்கவேண்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரை தின்னவேண்டும் என்றும், காய்ச்சலில் சோறு இறங்காவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது என்றும் அவன் சொல்லுகிறானா பாருங்கள். அதுவே அளவு.

அளந்தாகிவிட்டதென்று மறுநாளே எல்லாவற்றையும் பிள்ளை தலையில் போட்டுவிட்டு நாம் திண்ணையில் உட்காருவதும் தவறு. அப்படிக் கைவிட்ட வீடுகளில் சர்க்கரை கட்டுமீறிப் போகிறது. பக்கத்தில் இருங்கள், பதிலை மட்டும் பிடுங்காதீர்கள்.

2014-ல் மத்திய சர்க்கார் 10 முதல் 19 வயதினருக்கென்றே ஒரு சுகாதாரத் திட்டம் ஆரம்பித்தது. பெயர் ராஷ்ட்ரிய கிசோர் ஸ்வாஸ்திய காரியக்ரம். (அதை உச்சரித்து முடிப்பதற்குள் பாதி வியாதி தீர்ந்துவிடும்!) பெயர் கிடக்கட்டும், பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துப் பேசவேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது.

சட்டத்தைக் கேட்கிறீர்களா? 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டத்தின் 32-வது பிரிவைப் பாருங்கள். அந்நோய் கண்ட குடும்பத்தைக் கவனித்துவருகிற, போதிய விவேகமுள்ள பிள்ளைக்கு 12 வயது நிரம்பியிருந்தால், தன் தம்பி தங்கைகளுக்கு வைத்தியம் செய்விக்கும் விஷயத்தில் அப்பிள்ளையே கார்டியனாக இருக்கலாம் என்கிறது. தங்கையின் வைத்தியத்துக்கே கார்டியனாக இருக்கத் தகுந்த பிள்ளைக்குத் தன் வயிற்றுவலியைத் தானே சொல்ல யோக்கியதை இல்லை என்கிறீர்களே, இது என்ன நியாயம்?