குதிரையின் குருதியும் மக்கள் நலமும்

குதிரைக்குக் காய்ச்சல் கண்டால் அது குதிரைக்காரன் கவலை என்று விட்டுவிடுவதே பொதுவழக்கம். ‘சர்ரா’ எனும் நோயைப் பொறுத்தவரை, இவ்வழக்கம் ஆபத்தானது என்பதை 2004-ஆம் ஆண்டு உணர்த்தியது.

1880-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியில், படைக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ், நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் குருதியில் நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். அவர் பெயராலேயே அது டிரிப்பனோசோமா இவான்சி எனப்படுகிறது. இத்தகைய உயிரிகள் தீங்கற்றவை என்ற கருத்து அன்று வலுவாக இருந்தமையால், அவரது முடிவு எளிதில் ஏற்கப்படவில்லை.

இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் இதனைப் பரப்புகின்றன. ஈயின் உடலில் ஒட்டுண்ணி வளர்வதில்லை. வாயுறுப்பில் ஒட்டிய குருதியே அடுத்த விலங்கைச் சேருகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், மெலிவு என முற்றி, சிகிச்சையற்ற குதிரை பெரும்பாலும் மடிகிறது. வண்டி இழுத்தும் செங்கல் சுமந்தும் பிழைக்கும் குடும்பத்திற்கு அது முதலீடு முழுவதையும் இழப்பதாகும்.

மனிதக் குருதியிலுள்ள அப்போலிப்போபுரோட்டீன் எல்-1 எனும் புரதம் இந்த ஒட்டுண்ணியை அழித்துவிடும் என்பதால், மக்களுக்கு அச்சமில்லை என்று கருதப்பட்டது. 2004-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், மாதக்கணக்கில் காய்ச்சலால் வாடிய ஒரு விவசாயியின் இரத்தத்தில் இதே ஒட்டுண்ணி காணப்பட்டது. சுராமின் மருந்தால் அவர் பிழைத்தார். மரபணுப் பிழையால் அவருக்கு அப்புரதம் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அவர் வாழ்ந்த சிற்றூரில் 1,806 பேர் சோதிக்கப்பட்டனர். வலுவான எதிர்வினை காட்டியோரின் குருதியிலும் ஒட்டுண்ணி தென்படவில்லை. ஆயினும் 2015-இல் வியட்நாமில், அப்புரதம் குறைவின்றி இருந்த ஒரு பெண்ணுக்கே இந்நோய் கண்டது. ஆதலின் இயற்கைக் காப்பை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

சந்திரபூரில் நோயை வெளிப்படுத்தியது இரத்தப்பூச்சுச் சோதனையே. ஆனால் கால்நடைச் சோதனைக்கான செலவு ஒரு துறையின் கணக்கிலும், அதன் பயன் சுகாதாரத் துறையின் கணக்கிலும் விழுவதால், இச்செலவுக்காக வாதாட எவரும் முன்வருவதில்லை. ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உண்டு; அத்தகைய ஆய்வகத்தின் முடிவுகள் மாவட்ட மருத்துவமனைக்கும் எட்டுவதற்குக் கிடைமட்டத் தொடர்பு தேவை. இரு துறைகளுக்கிடையே ஒரு கடிதம் செல்ல எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதை அலுவலர்கள் அறிவர்.

அந்தமானில் டெய்ரி ஃபார்ம் போன்ற பகுதிகளுக்குக் குதிரை நோய் எட்டாக்கையிலிருப்பதாகத் தோன்றலாம். எனினும் மாடு, எருமை, நாய் ஆகியவையும் இவ்வொட்டுண்ணியைத் தாங்குவன. மாட்டிலும் எருமையிலும் அது பெரும்பாலும் குறிகாட்டாமலே தங்கும். பெருநிலத்திலிருந்து கப்பலேறும் ஒரு பசுவே அதைக் கொண்டுவரப் போதுமானது. எனவே துறைமுகத்தில் ஏற்றுமுன் ஒரு துளி இரத்தத்தைச் சோதிப்பது, நோய் தீவில் ஊன்றியபின் மந்தை முழுவதற்கும் மருந்து தேடுவதைவிடக் குறைந்த செலவாகும்.