கண்மாய்க் கணக்கும் கணினிக் கணக்கும்



2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. சென்னை சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் இடம்பெற்றதால், மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் லினக்ஸ் புகுந்தது. எளிய கணினியில் நினைவகம் குறைவு. ஒரு நிரல் மிகையாக உண்டால் மற்றவை பட்டினி கிடக்கும்.

லினக்ஸில் ஒலியைப் பங்கிட்டளிக்கும் சேவையொன்று திரைக்குப் பின்னே ஓயாது இயங்குகிறது. நெடுங்காலம் பல்ஸ்ஆடியோ அப்பணியைச் செய்தது. 2017-இல் அறிமுகமான பைப்வயர் இன்று பலவிடங்களில் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. கணினி தளர்ந்ததும் 'டாப்' என்னும் கருவியைத் திறப்போர், இச்சேவைக்கு நேரே பெரிய எண்ணைக் கண்டு அதனை நிறுத்திவிட முனைகின்றனர். ஒலி நின்றுபோம், தளர்ச்சி நீங்குமென்பது உறுதியன்று.

நம் வட்டாரக் கண்மாயை எண்ணிப் பாருங்கள். கண்மாயின் பரப்பு வேறு, அதில் இன்று நிற்கும் நீர் வேறு. 'விர்ட்' என்னும் பத்தி, நிரல் குறித்து வைத்துக்கொண்ட பரப்பைக் காட்டும்; 'ரெஸ்' என்பதே நிற்கும் நீர். பிற நிரல்களுடன் ஒலியைப் பரிமாறுவதற்குப் பல்ஸ்ஆடியோ வழக்கமாக 64 மெகாபைட் பொதுப் பரப்பைக் குறித்துக்கொள்ளும்; அதில் பயன்படுத்திய பகுதிக்கே நினைவகம் செலவாகும்.

மேலும், மூன்று ஊர்களுக்குப் பொதுவான கண்மாயை ஒவ்வோர் ஊரும் முழுதும் தனதென்று எழுதினால், ஏட்டில் மூன்று கண்மாய்கள் தோன்றுமன்றோ? 'ரெஸ்' எண்ணிலும் இம்மயக்கம் உண்டு. பொதுநீரைப் பங்கிட்டு உரைப்பது 'பிஎஸ்எஸ்' என்னும் அளவு. 2017-இல் வந்த 4.14 கருநிரல் முதல், ஒவ்வொரு நிரலுக்கும் அதன் மொத்தத்தை ஒரே கோப்பில் படிக்கலாம்.

ஒருமுறை பார்த்த நீர்மட்டம் கசிவை அறிவிக்காது. மணிக்கொருமுறை அளவைக் குறித்து வாருங்கள். பாட்டுத் தொடங்குகையில் ஏறிப் பின் நிலைத்தால் அஃது இயல்பு. பயன்பாடு மாறாதிருக்க, அளவு மட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஐயுறுக. அப்போது ஒலி தரும் நிரல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதனை மூடியபின் ஏற்றம் நின்றதோ, அங்கே தேடுங்கள். இணைப்புகளைத் திறந்து மூடாதுவிடும் நிரலொன்றின் குற்றம், ஒலிச் சேவையின் கணக்கில் ஏறியிருக்கக் கூடும்.

சேவையை மறுபடி தொடக்கினால் நினைவகம் மீளும், உடைப்பு அடைபடாது. குறித்த அளவுகளையும் பதிப்பெண்ணையும் அதனை ஆக்கியோர்க்கு அனுப்புவதே முறை. பழையதென்று ஒதுக்கப்படும் கணினி, இன்னும் சில ஆண்டுகள் ஒரு மாணவனுக்குப் பயன்படலாம். ஒதுக்குமுன் அளந்து பாருங்கள்.